வளைய ஒரு வேளை, வலுக்க ஒரு வேளை

அடுக்களையில் உள்ள அலுமினியச் சட்டி கைதவறிக் கீழே விழுந்தால் அதன் விளிம்பு நசுங்கிவிடுகிறது. சற்றுப் பலமாக அழுத்தினால் வெறுங்கையாலேயே அதை நேராக்கிவிடலாம். ஆகாய விமானத்தின் இறக்கையைப் போர்த்தியிருக்கும் தகடும் பெரும்பாலும் அதே அலுமினியம்தான். நூறு பங்கில் தொண்ணூறு பங்குக்கு மேல் இரண்டிலும் இருப்பது ஒரே உலோகம். ஆனால் ஒன்று கைக்கு வளைகிறது. மற்றொன்று பல டன் எடையைச் சுமந்துகொண்டு, காற்றின் மோதலைத் தாங்கிக்கொண்டு, பல்லாயிரம் மணி நேரம் பறக்கிறது.

மீதியுள்ள சில பங்கு செம்பும் மக்னீசியமும்தான் இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்று சொல்லிவிட்டால் பாதிக் கதைதான் முடியும். மறுபாதியில் கலவையைவிட முக்கியமான ஒன்று வருகிறது. அதுதான் காலம். சரியான வெப்பத்தில் காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்தி எடுத்த தகடு முதலில் மென்மையாக இருக்கிறது. பிறகு யாரும் தொடாமலே தானாக வலுக்கிறது. இந்த வியப்பான குணத்தை மனிதன் கண்டுகொண்டது 1906ஆம் ஆண்டில். அந்தக் கண்டுபிடிப்பின் வரலாற்றையும், அதனால் தகட்டு வேலையில் நேர்ந்த மாற்றத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

இரு குணங்களின் பகை

ஒரு தகட்டிடம் நாம் இரண்டு காரியங்களை எதிர்பார்க்கிறோம். பட்டறையில் இருக்கும்போது அது நாம் சொன்னபடி கேட்க வேண்டும்; கிழியாமல், சுருங்காமல், மடிப்பு விழாமல் வேண்டிய வடிவத்தை ஏற்க வேண்டும். இதை உருவேற்புத் தன்மை எனலாம். பட்டறையை விட்டு வெளியே போனபின் அது யார் சொன்னாலும் கேட்கக் கூடாது. எந்தச் சுமை வந்தாலும் தன் வடிவத்தைக் காத்துக்கொள்ள வேண்டும். இது வலிமை. ஒரே தகட்டிடம் பணிவையும் பிடிவாதத்தையும் ஒருசேரக் கேட்கிறோம். இதில்தான் சிக்கல் எழுகிறது.

உலோகம் வளைவது எப்படி? உலோகத்தில் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஓர் அடுக்கு முழுவதும் ஒரே சமயத்தில் மற்றோர் அடுக்கின்மேல் வழுக்கிச் செல்வதில்லை. அடுக்கில் உள்ள சிறு பிசகு ஒன்று மெல்ல நகர்ந்து போவதாலேயே வழுக்கல் நடைபெறுகிறது. கூடம் முழுதும் விரித்த ஜமக்காளத்தை ஒரு சாண் நகர்த்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தமாக இழுப்பது கடினம். ஒரு முனையில் சிறு மடிப்பை எழுப்பி, அந்த மடிப்பை மறுமுனைவரை தள்ளிக்கொண்டு போனால் எளிதில் நகர்ந்துவிடும். உலோகத்தின் உள்ளே இந்த மடிப்பைப் போல ஓடுவதை இடப்பிறழ்வு என்பர். டெய்லர், ஓரோவான், போலானி ஆகிய மூவரும் 1934ஆம் ஆண்டில் தனித்தனியே இக்கருத்தை வெளியிட்டார்கள்.

இடப்பிறழ்வுகள் தடையின்றி ஓடினால் உலோகம் மென்மையானது, எளிதில் உருவேற்கும். அவற்றின் வழியில் தடைகளை வைத்தால் உலோகம் வலிமை பெறும். ஆனால் உருவேற்க மறுக்கும். ஆக, இவ்விரு குணங்களின் பகை தற்செயலானதன்று. இரண்டும் ஒரே காரணத்தின் இரு பக்கங்கள்.

தூய அலுமினியம் இந்தத் தராசில் மென்மையின் பக்கம் முழுதும் சாய்ந்தது. ஹால் என்ற அமெரிக்கரும் எரூ என்ற பிரெஞ்சுக்காரரும் 1886இல் மின்பகுப்பு முறையைக் கண்டபின் அலுமினியத்தின் விலை வேகமாக இறங்கிற்று. 1898ஆம் ஆண்டில் சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கி வைத்தார். தட்டினால் விரியும், அழுத்தினால் குழியும் இந்தத் தகடு பாத்திரத்திற்கு ஏற்றதாக இருந்தது. ஆனால் பாரம் தாங்கும் வேலைக்கு அது உதவவில்லை. பதப்படுத்தி மென்மையாக்கிய தூய அலுமினியத் தகட்டை இழுத்தால், குறுக்குப் பரப்பில் சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 9 கிலோகிராம் பாரத்திலேயே அறுந்துவிடும். சாதாரண மென் எஃகு 40 கிலோகிராம் அளவு தாங்கும். எடையில் எஃகின் மூன்றில் ஒரு பங்கே என்றாலும் வலிமையில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை என்றால் என்ன பயன்?

தகட்டைத் தட்டித் தட்டியே கடினமாக்கலாம். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துப் பார்த்தால் இது விளங்கும். வளைத்த இடம் கடினப்பட்டு இறுதியில் முறிந்துவிடும். இவ்வாறு பெறும் கடினத்திற்கு நாம் தரும் விலை உருவேற்புத் தன்மை. வடிவம் கொடுக்கும் முன்னரே தகட்டைக் கடினமாக்கினால் வடிவம் கொடுக்க முடியாது.

தோட்டா உறை தேடியவர்

இந்நிலையில் ஜெர்மனியில் ஒரு வேலை தொடங்கிற்று. பெர்லினுக்கு அருகில் நொய்பாபெல்ஸ்பெர்க் என்ற இடத்தில் இருந்த அறிவியல் தொழில்நுட்ப ஆய்வு மையத்தில் ஆல்பிரட் வில்ம் என்ற உலோக இயலார் பணியாற்றி வந்தார். 1869இல் சைலீசியாவில் பிறந்தவர் அவர். துப்பாக்கித் தோட்டாக்களின் உறைக்குப் பித்தளைக்கு மாற்றாக எடை குறைந்த அலுமினியக் கலவை ஒன்றைக் காண வேண்டும் என்பது அவரிடம் ஒப்படைக்கப்பட்ட பணி.

தோட்டா உறை எப்படிச் செய்யப்படுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இந்தப் பணியின் கடினம் புலப்படும். வட்டமான ஒரு பித்தளை வில்லையை அச்சின் மீது வைத்து உந்துகோலால் அழுத்துவார்கள். வில்லை ஒரு கிண்ணமாகும். அந்தக் கிண்ணத்தை மேலும் மேலும் சிறிய அச்சுகளின் வழியே தள்ளத் தள்ள அது நீண்ட குழலாக மாறும். ஆழ இழுத்தல் என்னும் இந்த முறையில் தகடு மிகக் கடுமையான சோதனைக்கு ஆளாகிறது. அவ்வளவு தூரம் வளைந்து கொடுத்த அதே உலோகம், சுடும்போது எழும் வாயுவின் அழுத்தத்தையும் தாங்க வேண்டும். உருவேற்பும் வலிமையும் ஒன்றுக்கொன்று எதிரே நிற்கும் இடம் இது.

எஃகைச் செஞ்சூடாக்கித் தண்ணீரில் அமிழ்த்தினால் கடினமாகும் என்பது கொல்லர்கள் தொன்றுதொட்டு அறிந்த உண்மை. அலுமினியக் கலவையையும் அவ்வாறே கடினப்படுத்தலாகாதா என்று வில்ம் எண்ணினார். பல கலவைகளைச் செய்து, சூடாக்கி, நீரில் அமிழ்த்திச் சோதித்தார். ஏமாற்றமே எஞ்சிற்று. எஃகைப் போல அவை உடனே கடினமாகவில்லை, மென்மையாகவே இருந்தன.

சனிக்கிழமையும் திங்கட்கிழமையும்

1906ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை. நூற்றுக்கு 4 பங்கு செம்பும் அரைப் பங்கு மக்னீசியமும் சேர்த்த அலுமினியக் கலவை ஒன்றை வில்ம் சுமார் 520° செ. வரை சூடாக்கி நீரில் அமிழ்த்தியிருந்தார். அதன் கடினத்தை அளக்கும் வேலையைத் தம் உதவியாளர் யாப்லான்ஸ்கியிடம் கொடுத்தார். நண்பகலில் வேலை முடியும் நாள், நேரமில்லை. ஓரிரு அளவுகள் மட்டும் எடுக்கப்பட்டன. மீதியைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

திங்கட்கிழமை அதே துண்டை மீண்டும் அளந்தபோது கடினம் வெகுவாக உயர்ந்திருந்தது. அளவெடுக்கும் கருவி கெட்டுவிட்டதோ என்பதே முதலில் எழுந்த ஐயம். கருவி சரியாகவே இருந்தது. துண்டை யாரும் சூடாக்கவில்லை, தட்டவில்லை, தொடவுமில்லை. மேசைமேல் சும்மா கிடந்த உலோகம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தானாக வலிமை பெற்றிருந்தது.

வில்ம் இதை விடாமல் தொடர்ந்தார். நீரில் அமிழ்த்திய பின் முதலில் சிறிது நேரம் கலவையில் பெரிய மாற்றம் தெரிவதில்லை. பிறகு கடினம் வேகமாக ஏறுகிறது. நான்கைந்து நாட்களில் ஏறத்தாழ நிலைபெற்றுவிடுகிறது. முடிவில் கிடைத்த வலிமையோ சதுர மில்லிமீட்டருக்கு 40 கிலோகிராம். மென் எஃகுக்கு நிகர். மூப்புக் கடினமாதல் என்று உலோக இயல் இதை அழைக்கிறது. மனிதர்க்கு மூப்பு தளர்ச்சியைத் தருகிறது. இந்த உலோகத்திற்கு மூப்பு திடத்தைத் தந்தது.

வில்ம் 1909இல் காப்புரிமை பெற விண்ணப்பித்தார். 1911இல் தம் ஆய்வு முடிவுகளை வெளியிட்டார். ட்யூரன் என்ற ஜெர்மானிய நகரில் இருந்த உலோகத் தொழிற்சாலை உற்பத்தி உரிமையைப் பெற்றது. நகரத்தின் பெயரையும் உலோகத்தின் பெயரையும் இணைத்து டூராலுமின் என்ற பெயர் பிறந்தது. எதற்காக ஆய்வு தொடங்கியதோ அந்தத் தோட்டா உறையில் பித்தளையே நீடித்தது. ஆனால் புதிய உலோகத்திற்கு வேறோர் இடம் வானத்தில் காத்திருந்தது.

வானில் ஏறிய தகடு

டூராலுமினை முதலில் நாடியவர்கள் ஆகாயக் கப்பல்களைக் கட்டியவர்கள். இங்கிலாந்தில் பாரோ என்ற துறைமுகத்தில் விக்கர்ஸ் நிறுவனம் கட்டிய ஆகாயக் கப்பலின் சட்டம் டூராலுமினால் ஆனது. ஆனால் அந்தக் கப்பல் பறக்கவேயில்லை. 1911 செப்டம்பரில் கொட்டகையிலிருந்து வெளியே கொண்டுவரும்போதே முறிந்துபோயிற்று. ஜெர்மனியின் செப்பலின் நிறுவனமும் 1914ஆம் ஆண்டு இறுதியில் பறந்த தன் 26ஆம் கப்பல் முதல் டூராலுமினுக்கு மாறியது. அந்தச் சட்டங்கள் கனத்த விட்டங்கள் அல்ல. மெல்லிய தகட்டை நறுக்கி, மடித்து, அச்சில் அழுத்தி, முக்கோண வடிவில் இணைத்துச் செய்யப்பட்டவை.

விமானங்கள் அக்காலத்தில் மரச்சட்டமும் துணிப் போர்வையுமாக இருந்தன. ஜெர்மானியப் பேராசிரியர் ஹூகோ யுங்கர்ஸ் உலோகத்தாலேயே விமானம் செய்ய விரும்பினார். 1915 டிசம்பரில் பறந்த அவருடைய முதல் விமானம் மெல்லிய எஃகுத் தகட்டால் ஆனது. எடை மிகுதி, தகரக் கழுதை என்று அதற்குக் கேலிப் பெயர் வந்தது. அடுத்து டூராலுமின் தகட்டை எடுத்தார். மெல்லிய தகடு எளிதில் நெளிந்துவிடும் என்பதால் அதை வரிவரியாக மடித்து நெளி தகடாக்கினார். கூரை போடும் நெளி தகரம் மட்டத் தகரத்தைவிட விறைப்பாக இருப்பதை நாம் அறிவோம், அதே தத்துவம். 1919 ஜூன் 25 அன்று முதன்முதல் பறந்த அவருடைய எஃப் 13 பயணி விமானம், முழுதும் உலோகத்தாலான விமானப் போக்குவரத்தின் தொடக்கமாக அமைந்தது.

நெளிவுகள் விறைப்பைத் தந்தாலும் காற்றின் உராய்வை மிகுதியாக்கின. 1930களில் மழமழப்பான மட்டத் தகட்டுப் போர்வை வந்தது. போர்வை மூடியாக மட்டும் இராமல் பாரத்தில் பங்கேற்கவும் செய்தது. 1935 டிசம்பரில் பறந்த டிசி-3 விமானம் இவ்வகையில் புகழ்பெற்றது. இறக்கையின் முனை, மூக்கு, வால் என ஒவ்வோரிடத்திலும் தகடு இரு திசைகளிலும் வளைய வேண்டியிருந்தது. உருவேற்புத் தன்மை என்ற பழைய கேள்வி மீண்டும் முன்னே வந்து நின்றது.

குளிர்பெட்டியில் வைத்த ஆணிகள்

முழு வலிமை பெற்ற டூராலுமின் தகட்டைக் கூர்மையாக மடக்கினால் மடிப்பின் வெளிப்புறம் வெடித்துவிடும். தகட்டின் தடிப்பைப் போல் மூன்று நான்கு மடங்கு ஆரமுள்ள வளைவாகக் கொடுத்தால்தான் தப்பும். மென்மையாக்கிய தகட்டையோ அதன் தடிப்பளவு ஆரத்திலேயே மடக்கலாம்.

இங்கே வில்மின் சனிக்கிழமை பயன்பட்டது. நீரில் அமிழ்த்தி எடுத்த தகடு கடினப்படத் தொடங்குமுன் சிறிது நேரம் நமக்குக் கிடைக்கிறது. கலவையைப் பொறுத்து அது சில நிமிடங்களாகவோ ஓரிரு மணி நேரமாகவோ இருக்கும். அந்த வேளையில் தகட்டை அச்சில் ஏற்றி வடிவம் கொடுத்துவிட வேண்டும். பிறகு வடிவம் பெற்ற தகட்டைக் காலம் கடினப்படுத்திவிடும். பணிவும் பிடிவாதமும் ஒரே சமயத்தில் கிடைக்காவிட்டாலும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைத்தன.

இதனால் விமானத் தொழிற்சாலைகளில் வேலையின் ஒழுங்கே மாறியது. உலை, நீர்த்தொட்டி, அழுத்தப் பொறி ஆகியவற்றிடையே கடிகாரம் புகுந்தது. தகடுகளை இணைக்கும் ரிவெட்டு ஆணிகளில் இது இன்னும் வெளிப்படை. அடித்துத் தலை பரப்பப்படும் வரை ஆணி மென்மையாக இருக்க வேண்டும். அடித்தபின் கடினமாக வேண்டும். ஆனால் ஒரு விமானத்திற்கு ஆணிகள் ஆயிரக்கணக்கில் தேவை. எல்லாவற்றையும் அரை மணி நேரத்தில் அடித்துவிட முடியுமா? குளிரில் மூப்பு மந்தப்படும் என்பதை அறிந்தவர்கள் ஒரு வழி கண்டார்கள். சூடாக்கி நீரில் அமிழ்த்திய ஆணிகளை உடனே உறைநிலைக்குக் கீழான குளிர்பெட்டியில் வைத்தார்கள். வேண்டும்போது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்து, கடினப்படுமுன் அடித்தார்கள். பால் புளித்துவிடாமல் இருக்க நாம் குளிர்பெட்டியில் வைப்பதைப் போல, உலோகம் மூத்துவிடாமல் இருக்கக் குளிர்பெட்டியில் வைத்தார்கள்.

காரணம் தெரிந்தது பின்னர்

இவ்வளவு பயன்பட்ட பிறகும் உலோகம் ஏன் தானாக வலுக்கிறது என்பது நெடுநாள் புதிராகவே இருந்தது. 1919இல் அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிலையத்தைச் சேர்ந்த மெரிகா, வால்டன்பெர்க், ஸ்காட் ஆகியோர் ஒரு விளக்கம் தந்தார்கள்.

சர்க்கரைப் பாகை நினைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கும் நீரில் நிறையச் சர்க்கரை கரையும். ஆறும்போது அவ்வளவையும் நீரால் வைத்துக்கொள்ள முடியாது. மிகுதி படிகமாகப் பிரியும். அலுமினியமும் செம்பும் அப்படியே. 548° செ. வெப்பத்தில் திட அலுமினியம் நூற்றுக்கு ஐந்தரைப் பங்குக்கு மேல் செம்பைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். அறை வெப்பத்தில் மிகமிகச் சிறிதளவையே வைத்துக்கொள்ள முடியும். மெல்ல ஆறவிட்டால் செம்பு பெரிய துகள்களாகப் பிரிந்துவிடும். நீரில் சட்டென்று அமிழ்த்தினால் பிரிய அவகாசமின்றி உள்ளேயே சிறைப்பட்டுவிடும். சிறைப்பட்ட செம்பணுக்கள் பிறகு மெல்ல மெல்ல நகர்ந்து, ஆங்காங்கே ஒன்றுகூடுகின்றன. அந்தக் கூட்டங்களே வலிமைக்குக் காரணம் என்றார்கள் அவர்கள்.

ஆனால் அந்தக் கூட்டங்கள் அக்கால நுண்ணோக்கியில் தென்படாத அளவு சிறியவை. 1938ஆம் ஆண்டில் பிரான்சில் ஆந்திரே கினியே, இங்கிலாந்தில் பிரெஸ்டன் ஆகிய இருவரும் ஒருவரையொருவர் சாராமல், எக்ஸ் கதிர்களின் சிதறலைக் கொண்டு அவற்றின் இருப்பை மெய்ப்பித்தார்கள். அலுமினியப் படிகத்தினுள் செம்பணுக்கள் ஓர் அணுத் தடிப்புள்ள நுண்வட்டுகளாகச் சேர்ந்திருந்தன. அகலம் ஒரு மில்லிமீட்டரின் லட்சத்தில் ஒரு பங்கை ஒட்டியது. கினியே–பிரெஸ்டன் மண்டலங்கள் என்று இன்றும் அவை அழைக்கப்படுகின்றன.

நம் ஜமக்காளத்திற்குத் திரும்புவோம். அதன்மேல் நெருக்க நெருக்கமாகச் சிறு கற்களை வைத்துவிட்டால் மடிப்பு ஓட முடியுமா? நுண்வட்டுகள் செய்வது அதையே. கற்கள் எண்ணிக்கையில் பெருகி நெருங்கியிருக்கும்வரை தடை வலுவாக இருக்கும். மிகையாகச் சூடாக்கினால் சிறு கூட்டங்கள் கரைந்து சில பெரிய துகள்களாகத் திரண்டுவிடும். இடைவெளி அகன்று மடிப்புகள் நழுவிப் போகும். உலோகம் மறுபடி மென்மையாகும்.

இதில் நெஞ்சைத் தொடும் செய்தி ஒன்று உண்டு. வில்ம் 1919இல் உலோக ஆய்வை விட்டு விலகி வேளாண்மைக்குச் சென்றுவிட்டார். 1937இல் மறைந்தார். தம் சனிக்கிழமைத் துண்டினுள் என்ன நடந்தது என்பது கண்டறியப்பட்டது அவர் மறைந்த அடுத்த ஆண்டில்.

மற்றொரு செய்தியும் உண்டு. 1903இல் ரைட் சகோதரர்கள் பறந்த விமானத்தின் எஞ்சின் உறை, எட்டுப் பங்கு செம்பு கலந்த அலுமினிய வார்ப்பு. 1994இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அந்த வார்ப்பிலும் இத்தகைய நுண்கூட்டங்கள் இருப்பது காணப்பட்டது. வார்ப்பின் சூடு ஆறும்போதே அது தானாகக் கடினப்பட்டிருந்தது. வில்ம் கண்டறிவதற்கு மூன்றாண்டுகள் முன்பே, யாரும் அறியாமல், மூப்புக் கடினமாதல் மனிதனை வானில் ஏற்றிவிட்டது.

உள்ளிருந்து அரித்த பகை

செம்பு கொடுத்த வலிமைக்கு ஒரு கூலியும் இருந்தது. 1920களில் டூராலுமின் தகடுகள் சில வெளிப்பார்வைக்கு நன்றாயிருந்தும் உள்ளே இற்றுப்போயிருந்தன. உலோகப் படிகங்களின் எல்லைகள் வழியே அரிப்பு ஊடுருவியிருந்தது. வளைத்துப் பார்த்தால் தகடு மளுக்கென்று முறிந்தது. சூடான தகட்டை நீரில் அமிழ்த்துவதில் தாமதமோ மந்தமோ நேர்ந்தால் செம்பு அந்த எல்லைகளில் பிரிந்து நின்றுவிடுவதும், அதனால் அரிப்பு கூடுவதும் தெரியவந்தன. ஆக, நீரில் அமிழ்த்தும் சில நொடிகளில் காட்டும் கவனமே ஒரு தகட்டின் ஆயுளைத் தீர்மானித்தது.

வழி கண்டவர்கள் மென்மையான பழைய தூய அலுமினியத்தையே துணைக்கு அழைத்தார்கள். அது அரிப்பை எதிர்க்க வல்லது. வலிய கலவைத் தகட்டின் இருபுறமும் தூய அலுமினியத்தை மெல்லிய தோலாக வைத்து உருளைகளுக்கிடையே சேர்த்து உருட்டினார்கள். அமெரிக்காவின் அல்கோவா நிறுவனம் 1927இல் வெளியிட்ட இந்தத் தகடு ஆல்க்ளாட் எனப்பட்டது. ஓரிடத்தில் கீறல் விழுந்தாலும், தோல் தான் அரிபட்டு உள்ளேயுள்ள கலவையைக் காத்தது. சட்டிக்கு மட்டுமே லாயக்கு என்று தள்ளப்பட்ட உலோகம் விமானத்திற்குக் கவசமாயிற்று.

வலிமை ஏற, வளைவு இறங்க

அடுத்து வந்த ஆண்டுகளில் கலவைகளின் வலிமை படிப்படியாக ஏறியது. மக்னீசியத்தை மிகுதியாக்கிய 24எஸ் என்ற கலவையை அல்கோவா 1931இல் கொண்டுவந்தது. இன்று 2024 என்ற எண்ணால் அறியப்படும் அதன் இழுவலிமை சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 48 கிலோகிராம். 1936இல் ஜப்பானின் சுமிட்டோமோ நிறுவனத்தில் இகராஷி, துத்தநாகம் சேர்த்த மேலும் வலிய கலவையை உருவாக்கினார். 1943இல் அமெரிக்காவில் வந்த 75எஸ், அதாவது இன்றைய 7075, ஏறத்தாழ 58 கிலோகிராம் தாங்கும்.

ஆனால் தூய அலுமினியம் அறுபடுமுன் நூற்றுக்கு முப்பத்தைந்து பங்குவரை நீளும்போது, முழுக் கடினமான 7075 பதினொரு பங்கே நீளுகிறது. நீட்சியை மட்டும் பார்த்தாலும் ஏமாந்துபோவோம். 2024 தகடு மென்மையான நிலையிலும் கடினமான நிலையிலும் ஏறக்குறைய ஒரே அளவு நீளுகிறது. வேறுபாடு வேறிடத்தில் உள்ளது. மென்மையான தகடு 8 கிலோகிராம் பாரத்திலேயே நிரந்தரமாக வளையத் தொடங்கும். கடினமான தகட்டுக்கு 35 கிலோகிராம் வேண்டும். அதுவரை அது வில்லைப் போல வளைந்து, விட்டதும் திரும்பிவிடும். அலுமினியத்தின் விறைப்பு எஃகின் விறைப்பில் மூன்றில் ஒரு பங்கே ஆதலால், அதே வலிமையுள்ள எஃகைவிட மும்மடங்கு திரும்பும். அச்சில் 90 பாகைக்கு மடித்த தகடு வெளியே எடுத்ததும் சில பாகைகள் விரிந்துகொள்வது இதனால்தான். அச்சைச் செய்பவர் இந்த மீள்வளைவை முன்கூட்டியே கணக்கிட்டுக் கூடுதலாக மடிக்க வேண்டும்.

ஆகவே உருவேற்புத் தன்மையை அளப்பதே ஒரு தனிக் கலையாயிற்று. தகட்டை வளையத்தில் இறுகப் பிடித்து, உருண்டை முனையுள்ள உந்துகோலால் அழுத்தி, எத்தனை மில்லிமீட்டர் ஆழத்தில் விரிசல் காண்கிறது என்று பார்ப்பது எரிக்சன் சோதனை. 1960களில் அமெரிக்காவில் கீலர், குட்வின் ஆகியோர் இன்னும் நுட்பமான முறை ஒன்றை வளர்த்தார்கள். தகட்டின் மேல் சிறு வட்டங்களைப் பொறித்து, பிறகு அச்சில் அழுத்தினார்கள். வட்டங்கள் நீள்வட்டங்களாக மாறின. ஒவ்வொரு நீள்வட்டத்தின் நீளமும் அகலமும் அந்த இடத்தில் தகடு எத்திசையில் எவ்வளவு நீண்டது என்பதைக் காட்டின. எவ்வளவு நீட்டினால் கிழியும் என்ற எல்லைக்கோட்டையும் வரைந்துவிட்டால், எந்த மூலை ஆபத்தில் இருக்கிறது என்பது கிழியுமுன்பே தெரியும். தட்டிப் பார்த்துக் கைப்பழக்கத்தால் அறிந்த செய்தி எண்ணாகவும் கோடாகவும் மாறியது.

வண்ண அடுப்பில் வலுப்பெறும் கார்

மோட்டார் காரிலும் எடையைக் குறைத்தால் எரிபொருள் மிச்சமாகும். 1948இல் லேண்ட் ரோவர் வண்டி அலுமினியக் கலவைத் தகட்டுடன் வந்தது. போருக்குப்பின் இங்கிலாந்தில் எஃகுக்கு நிலவிய தட்டுப்பாடு அதற்குக் காரணம். 1994இல் ஆடி நிறுவனம் உடல் முழுதும் அலுமினியத்தாலான ஏ8 காரை வெளியிட்டது. அமெரிக்காவில் பெரும் எண்ணிக்கையில் விற்கும் ஃபோர்டு எஃப்-150 சரக்கு வண்டியும் 2015ஆம் ஆண்டு வடிவில் அலுமினிய உடலுக்கு மாறியது.

கார்த் தகட்டில் விமானத் தகட்டைவிட வளைவுகள் அதிகம். விலையோ குறைவாக இருக்க வேண்டும். நாளொன்றுக்குப் பல நூறு கார்கள் செய்யும் ஆலையில் ஒவ்வொரு தகட்டையும் காய்ச்சி, அமிழ்த்தி, குளிர்பெட்டியில் வைத்துக்கொண்டிருக்க முடியாது. எனவே மக்னீசியமும் சிலிக்கனும் சேர்ந்த 6000 வகைக் கலவைகளைத் தேர்ந்தார்கள். இவை அறை வெப்பத்தில் அவ்வளவு வேகமாகக் கடினப்படுவதில்லை. ஓரளவு மென்மையாகவே அச்சுக்கு வரும். காரின் உடல் தயாரானதும் வண்ணம் பூசி, வண்ணம் உலர்வதற்காக ஏறத்தாழ 180° செ. அடுப்பில் அரை மணி நேர அளவுக்கு வைக்கிறார்கள். எப்படியும் நடக்க வேண்டிய அந்த உலர்த்தலிலேயே தகட்டினுள் நுண்துகள்கள் தோன்றி அது வலுப்பெறுகிறது. தனி உலை இல்லை, தனிச் செலவு இல்லை.

இதிலும் காலம் குறுக்கிடாமல் இல்லை. தகட்டுச் சுருள் கிடங்கில் பல வாரம் கிடந்தால், உள்ளே அணுக்கள் பயனற்ற முறையில் கூடிக்கொண்டு, பிறகு அடுப்பில் கிடைக்க வேண்டிய வலிமையைக் குறைத்துவிடும். அதனால் சுருளை ஆலையிலிருந்து அனுப்புமுன்பே இலேசாகச் சூடுகாட்டி, நல்ல கூட்டங்களுக்கு விதை போட்டு அனுப்புகிறார்கள். மிக வலிய கலவைகளைச் சூடாகவே எடுத்து, குளிர்ந்த அச்சுகளுக்கிடையே அழுத்தி, வடிவமும் திடீர்க் குளிர்ச்சியும் ஒரே வீச்சில் தரும் முறைகளும் வந்துள்ளன. அங்கே நீர்த்தொட்டியின் வேலையை அச்சே செய்துவிடுகிறது.

குளிர்பானங்களை அடைக்கும் அலுமினிய டப்பாவையும் நினைத்துப் பார்க்கலாம். வட்ட வில்லையைக் கிண்ணமாக்கி, கிண்ணத்தை வளையங்களின் வழியே தள்ளிச் சுவரை மெலிதாக்கி அது செய்யப்படுகிறது. பித்தளைத் தோட்டா உறை பிறந்த அதே வழி அது. மூப்பினால் கடினமாகாத, மாங்கனீசும் மக்னீசியமும் சேர்ந்த வேறு கலவை அதில் பயன்படுகிறது. வடிவம் பெறும்போது படும் அழுத்தமே அதைக் கடினமாக்குகிறது. வில்மிடம் கேட்கப்பட்ட இலேசான குழல், தோட்டாவுக்கு உறையாகாமல் தாகம் தீர்க்கும் பாத்திரமாகக் கோடிக்கணக்கில் வந்து சேர்ந்தது.

வலிமையும் உருவேற்பும் இன்றும் பகையாகவே இருக்கின்றன. அந்தப் பகையை எவரும் தீர்த்துவிடவில்லை. இரண்டுக்கும் தனித்தனி வேளையை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஒதுக்கீடு ஒரு சனிக்கிழமை மிச்சம் வைத்த வேலையிலிருந்து தெரியவந்தது. திங்கட்கிழமை கிடைத்த எண் பழைய எண்ணோடு ஒத்துவராதபோது, தவறான அளவு என்று அதைத் தூக்கி எறியாமல், கருவியைச் சோதித்து, மறுபடியும் அளந்தார்கள். ஆய்வுக்கூடத்தில் செய்முறைப் பயிற்சியின்போது எதிர்பாராத எண் ஒன்று வந்தால், அதை அழித்துவிட்டு எதிர்பார்த்த எண்ணை எழுதிவிடும் ஆசை மாணவர்க்கு எழுவது இயல்பு. அப்படி எழுதுமுன் அந்தத் திங்கட்கிழமையை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.